ஆளுக்கு மூன்று பேர்

குழி வெட்ட ஆள் அனுப்பிவிட்டு மரியசூசை வீட்டுக்குள் வந்தபோது, ஜெனிஷா பீரோவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பீரோ சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது.

“அந்த பேப்பர எடும்மா,” என்றார். “பத்து நிமிசம். பசங்ககிட்ட காட்டிட்டு திருப்பி உங்கிட்டயே குடுத்தர்றேன்.”

“தர மாட்டனுங்க மாமா.”

முன்னறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கணவன், மரியசூசையின் தம்பி டேவிட்ராஜ் கிடந்தான். நேற்று மாலை பொம்மிடியில் தன் கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆட்டோ பிடித்து ஏற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது. மாரடைப்பு என்றார் டாக்டர். ஊருக்கு டாக்டர் சொன்னது போதவில்லை. எய்ட்ஸ் என்று அதுவாகவே முடிவு செய்து, விடிவதற்குள் தெருத் தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்த்தும்விட்டது. இந்த மாதிரி வேலையில் ஊருக்குச் சோம்பலே கிடையாது.

சாவு விழுந்தால் பெட்டி தூக்குவது, பங்குக் கோயிலின் தெருக் குழுவான அன்பியத்து இளைஞர்கள் ஆறு பேரின் வேலை. காலையில் அவர்கள் முதலில் கையுறை கேட்டார்கள். மரியசூசை மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வந்தார். அதன் பிறகு, கையுறை போட்டாலும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். விடிகாலையில் ஆதார் அட்டை தேடி பீரோவைத் திறந்தபோது கண்ணில் பட்ட தம்பியின் ரத்தப் பரிசோதனை முடிவு மரியசூசைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன மாதம் எடுத்தது. நோய் இல்லை என்று தெளிவாகப் போட்டிருக்கும் காகிதம்.

“உண்மையத்தானம்மா காட்டப் போறோம்? பொய்யா சொல்றோம்?”

“உண்மைதாங்க. அவருக்கு இல்ல. ஆனா இன்னிக்கு அவரப் பாக்க வரப்போறவங்கள்ல எத்தன பேருக்கு இருக்குதோ எனக்குத் தெரியாது. இவருக்கு இல்ல, அதனால தொடலாம்னு வாசல்ல நின்னு நான் காட்டினா, இருக்கறவங்க எங்க போயி நிப்பாங்க?”

“யாரு வரப்போறாங்க?” என்று கேட்டார் மரியசூசை. கேட்டுவிட்டு அவரே பதறினார். “ஏம்மா, அவனுங்களுக்கு எல்லாம் சொல்லி வுட்டியா?”

“சொல்லிட்டனுங்க.”

அவர் வாசலைப் பார்த்தார். முன்னறையில் ஜெனிஷாவின் மகள் பிளசி அப்பாவின் தலைமாட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “பன்னெண்டு மணிக்கு எடுத்துடலாம்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “நீயும் ஒரு பொண்ணு வெச்சிருக்கற. நாளைக்கு மாப்ள பாக்க வேணாமா?”

“பேப்பர் பாத்துட்டு வர்ற மாப்ள எம்பொண்ணுக்கு வேணாங்க.”

மரியசூசை கெட்டவர் இல்லை. தம்பிக்காக இரண்டு கடைகளில் கையுறை தேடிய மனிதர். ஆனால் தம்பியை ஊர் வாயிலிருந்து மீட்க வேண்டுமானால் சீக்கிரம் புதைத்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி.

இந்தப் பேச்சுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது போன ஜூன் மாதத் தேர்த்திருவிழாதான். அன்று கோயில் மைதானத்தில் பரிசுக் கூப்பன் குலுக்கல். குடும்பத்துக்கு ஐந்து சீட்டு வாங்கியிருந்தார்கள். பெட்டியில் போடச் சொல்லி அம்மா மிக்கேலம்மாள் கொடுத்த சீட்டுகளை டேவிட்ராஜ் சட்டைப்பையில் வைத்தான். அந்தப் பையில் வேறு ஒரு கூப்பனும் இருந்தது. எடுத்துப் போடும்போது அதுவும் சேர்ந்து போய்விட்டது. குலுக்கிப் போட்டு உபதேசியார் முதல் சீட்டை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மைக்கில் உரக்க வாசித்தார்: “ஆண்கள் நல ஆய்வு. எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். இந்தக் கூப்பனைக் கொண்டு வருபவர்...”

மைதானம் சிரித்தது. யாருடையது என்று உபதேசியார் கேட்டதும் சிரிப்பு நின்றது. கூப்பனில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அன்றோடு போயிருக்கும். டேவிட்ராஜ் அத்தனை பேரையும் தாண்டி மேடை ஏறினான். “என்னுதுங்க,” என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அவனோடு ஜெனிஷா பேசவில்லை. மறுநாள் காலையில், எதற்கு அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். “ஒரு ஆளுக்கு மூணு கூப்பன்தான் ஜெனி குடுப்பாங்க. அதுல ஒண்ணு போச்சுன்னா ஒரு ஆளு போச்சு,” என்றான், பல் விளக்கிக்கொண்டே.

டேவிட்ராஜ் ஆண்களை விரும்பும் ஆண். கல்யாணமாகி ஆறாவது வருஷம் அதை அவன் வாயாலேயே அவள் கேட்டாள். பிளசியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் நாற்பது நாள் இருந்தாள். பிறகு திரும்பி வந்தாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சில நாள் அவன் முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். சில நாள் அவன் சட்டையைத் துவைக்கும்போது காரணமில்லாமல் அழுகை வரும். பொய்யாக வாழ்ந்த ஆறு வருஷத்தைவிட, தெரிந்து வாழ்ந்த பதினோரு வருஷத்தில் வீட்டில் சிரிப்பு அதிகம் இருந்தது. அதை மட்டும் அவளால் உறுதியாகச் சொல்ல முடியும்.

நோய் வராமல் தடுக்கும் மாத்திரையைப் பற்றிச் சேலத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். இவனைப் போன்றவர்களின் பட்டியல் எந்த ஆபீஸிலும் கிடையாது. வீட்டுக்கு வீடு போய்க் கேட்கவும் முடியாது. அதனால் ஒருவனைப் பிடித்து, உனக்குத் தெரிந்த மூன்று பேருக்குக் கொடு என்று மூன்று கூப்பன் கொடுப்பார்கள். வருகிற மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்று. யாரும் பெயர் சொல்ல வேண்டியதில்லை, எண் போதும். இந்த மாவட்டத்தில் முதல் ஆள் டேவிட்ராஜ். மோட்டார் பார்க்க ஊர் ஊராகப் போகிறவன் என்பதால் அவனுக்கு அது தோதாக இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வான், ரிசல்ட்டை யாரிடமும் காட்டாதே என்று. “நல்ல ரிசல்ட்டுன்னா காட்டினா என்னா?” என்று ஜெனிஷாவே ஒருமுறை கேட்டாள். “ஒருத்தன் காட்ட ஆரம்பிச்சா, காட்டாதவன் எல்லாம் நோவாளின்னு ஆயிருவான்,” என்றான்.

இன்று காலை அவன் செல்போனைத் திறந்து பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. ஒரு மனிதப் பெயர்கூட இல்லை. ‘ஏழரை எச்பி’, ‘ஓபன்வெல்’, ‘மோனோபிளாக்’, ‘சிங்கிள் பேஸ்’ என்று எல்லாரையும் மோட்டாராக்கிப் பதிந்து வைத்திருந்தான். இதில் எது நிஜமான மோட்டார், எது ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சேலத்து ஆபீஸில் கேட்டால் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. அவளுக்குத் தெரிந்தவன் இண்டூர் பிரபாகர் ஒருவன்தான். நாலைந்து தடவை வந்து அவள் கையால் சாப்பிட்டிருக்கிறான், அவன் நம்பர் அவள் போனிலும் இருந்தது.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் விம்மல் கேட்டது.

“பிரபாகரு, அழுவறத அப்பறம் அழுவு. நீ மூணு பேருக்குச் சொல்லு. அவங்கள ஆளுக்கு மூணு பேருக்குச் சொல்லச் சொல்லு. நாலு மணிக்கு எடுப்பாங்கன்னு சொல்லு.”

நாலு மணி என்று யாரைக் கேட்டுச் சொன்னாள்? யாரையும் கேட்கவில்லை. மலையிலிருந்து சித்தேரி பஸ் இறங்கி வர வேண்டும், சேலம் பக்கமிருந்து ரயில் வர வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்ததில் நாலு மணி வந்தது.

இப்போது மரியசூசை பன்னிரண்டு என்கிறார். சாவியைத் தாலிக்கொடியில் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். செருப்பை மாட்டினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திப் பார்த்தார்கள்.

“எங்கம்மா போற? பொணத்த வூட்ல வெச்சிட்டு பொண்டாட்டிக்காரி வெளிய போவலாமா?” என்றாள் ஒருத்தி.

“ஃபாதர பாத்துட்டு வர்றனுங்க.”

மாங்கூழ் கம்பெனியில் நாற்பது பேரை வேலை வாங்குகிற சூப்பர்வைசர் அவள். வரிசை தடுமாறினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியும். தெருவில் கூடியிருந்தவர்கள் வழி விட்டார்கள். மரியாதைக்கு விட்டார்களா, பயத்துக்கு விட்டார்களா என்று அவள் யோசிக்கவில்லை.

பங்குச்சாமியார் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். சின்ன வயது, ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

“உங்க பெரியவரு பன்னெண்டுன்னு சொன்னாரேம்மா?”

“நாலு மணிங்க ஃபாதர். அவரோட ஆளுங்க வரணும்.”

“யாரும்மா?”

“அவருக்கு வேண்டியவங்க. நம்ம கோயிலுக்கு வராதவங்க. மைக்குல படிச்சாரில்லீங்களா உபதேசியாரு, அந்தக் கூப்பன் ஆளுங்க.”

சாமியார் கையைத் துடைத்துக்கொண்டார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “நாலுக்கு வந்தர்றேன்,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து, “தண்ணி ஏதாச்சும் குடிச்சியாம்மா?” என்றார். அதற்குப் பதில் சொல்லியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பதினொரு மணிக்கு முதல் ஆள் வந்தான். பிறகு இரண்டு பேர், பைக்கில். பிறகு பேருந்திலிருந்து இறங்கி ஒருவன், கையில் ஒற்றைச் சம்பங்கி மாலை. சாமியானாவுக்குள் வராமல் வேப்பமரத்தடியிலும் எதிர்வீட்டுச் சுவரோரமும் தனித்தனியாக நின்றார்கள். அவர்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் தெரியாது. தனக்குச் சொன்னவனைத் தெரியும், தான் சொன்ன மூன்று பேரைத் தெரியும், அவ்வளவுதான். ஒருவன் அழுவதைப் பார்த்து அடுத்தவன் அடையாளம் கண்டுகொண்டான்.

மிக்கேலம்மாள் மகனின் பெட்டியருகே நாற்காலியில் இருந்தாள். உள்ளே வந்து மாலை போட்ட ஒவ்வொருவனின் கையையும் பிடித்துக் கேட்டாள்.

“நீ யாரு சாமி?”

“மோட்டார் காயில் கட்டக் குடுத்தனுங்கம்மா.”

அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவன் வெட்டுக்கிளி மாதிரி ஒல்லியாக, காதில் கடுக்கனும் நகத்தில் சாயமுமாக இருந்தான். கிணறு, தோட்டம் எதையும் கண்ணால் பார்த்தவனாகத் தெரியவில்லை. அவனும், “மோட்டாருங்கம்மா,” என்றான்.

“எத்தன எச்பி?” என்றாள் கிழவி.

அவன் திருதிருவென்று விழித்தான். கிழவி அவன் கையை விடவில்லை. அவன் நகத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அதன் பிறகு வந்தவர்களிடம் அவள் எச்பி கேட்கவில்லை.

மூன்று மணிக்கு முப்பது பேர் இருக்கும். ஊர் ஒரு பக்கமாகவும் இவர்கள் ஒரு பக்கமாகவும் நின்றார்கள். நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நாலு மணிக்குச் சாமியார் வந்து ஜெபம் தொடங்கினார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து சவப்பெட்டிக்கு மாற்றும்போது மரியசூசை ஒரு பக்கம் பிடித்தார், பிரபாகர் ஒரு பக்கம் பிடித்தான். அன்பியத்து இளைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

மூடி போடும் முன் மரியசூசை ஜெனிஷாவிடம் குனிந்தார். அவர் கண் சிவந்திருந்தது. “கடசியா கேக்கறம்மா. எந்தம்பி சொந்த ஊர்ல வேத்தாளுங்க தூக்கிப் போவணுமா? ஒரு பேப்பரு. நம்ம பசங்க தூக்கிடுவாங்க.”

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. நாலாக மடித்த காகிதத்தோடு வந்தாள். ஊர்ப்பக்கம் சலசலத்தது. மரியசூசை மூச்சு விட்டார். வேப்பமரத்தடியில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகத் தெருப்பக்கம் நகர ஆரம்பித்தான். அதை ஜெனிஷா பார்த்தாள்.

அவள் காகிதத்தைப் பிரிக்கவில்லை. குனிந்து டேவிட்ராஜின் சட்டைப்பையில் அதை வைத்தாள். பையின் பொத்தானைப் போட்டாள்.

“மூடுங்க,” என்றாள்.

யாரும் அசையவில்லை. அப்போது மிக்கேலம்மாள் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தாள். மூத்த மகனைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை.

“மோட்டார் குடுத்தவங்கல்லாம் வாங்க சாமி,” என்றாள். “எம்மவன தூக்குங்க.”

தெருப்பக்கம் நகர்ந்தவன் நின்றான். திரும்பி வந்தான். ஆறு பேர் போதும், பத்துப் பேர் தோள் கொடுத்தார்கள். உயரம் ஒத்துவராமல் பெட்டி முதலில் கொஞ்சம் தள்ளாடியது. கடுக்கன் போட்டவன் தோள் எட்டாமல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். மரியசூசை தோள் கொடுக்கவில்லை. முன்னால் நடந்து, தெருவில் குறுக்கே நின்ற பைக்குகளை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளிக்கொண்டே போனார். கையுறைப் பொட்டலம் அவர் பையிலேயே இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது தெருமுனையில் கூட்டம் நின்றது. மதியம் பிரபாகர் பொம்மிடிக்குப் போய் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்து மின்கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் இடையே கட்டியிருந்தான். கண்ணீர் அஞ்சலி. கையில் ஸ்பேனரோடு டேவிட்ராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே ‘இப்படிக்கு’ என்று போட்டு, அதற்கடுத்து ஒன்றும் இல்லை. ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருந்தது.

“யாரு பேர போடறதுன்னு தெரியலீங்கக்கா,” என்றான் பிரபாகர். “எங்களுக்கு நம்பர்தான் இருக்குது. பேரில்லாம ஃப்ளெக்ஸ் அடிக்கறது இதான் மொதல் தடவைன்னு கடைக்காரரு சிரிச்சாரு.”

“அப்படியே இருக்கட்டும்பா. ஊரு பாக்கும்.”

“பாக்கட்டுங்கக்கா.”

அவன் சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தான். வெள்ளையின் இடது ஓரத்தில், பெரிய எழுத்தில் எழுதினான்: பிரபாகர், இண்டூர். கொஞ்ச நேரம் பேனாவை யாரும் வாங்கவில்லை. இரண்டு பேர் கும்பிட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. ஜெனிஷா அவர்களுக்கும் கைகூப்பினாள். பிறகு கடுக்கன் போட்டவன் பேனாவை வாங்கினான். மாதவராஜ் என்று எழுதினான். அழகான கையெழுத்து. அவனுக்குப் பின்னால் ஒருவன், பிறகு ஒருவன். ஒருவன் பாதிப் பெயர் எழுதி நிறுத்தினான், யோசித்தான், மீதியையும் எழுதி ஊர்ப் பெயரையும் சேர்த்தான்.

தெருக்காரர் காளியப்பன் வந்து நின்று படித்துப் பார்த்தார். வார்டு மெம்பர். சண்டைக்கு வந்தவர் போலவும் தெரியவில்லை, துக்கத்துக்கு வந்தவர் போலவும் தெரியவில்லை.

“இருட்றதுக்குள்ள இத அவுத்துடும்மா. பொம்பளப் புள்ளைங்க போற வர்ற வழி.”

“நானும் பொம்பளதானுங்களே,” என்றாள் ஜெனிஷா.

அந்தச் சமயம் பிரபாகரின் செல்போன் அடித்தது. சித்தேரியிலிருந்து வந்துகொண்டிருந்த குரு என்பவன், அவனும் கூப்பன் ஆள். மலைப்பாதையில் பஸ் பஞ்சராகி இப்போதுதான் கிளம்பியிருக்கிறது, அவனோடு இன்னும் மூன்று பேர் வருகிறார்கள், எடுத்துவிட்டார்களா என்று கேட்டான். பிரபாகர் போனைக் கையால் மூடிக்கொண்டு ஜெனிஷாவைப் பார்த்தான்.

“வரச்சொல்லு,” என்றாள்.

சாமியானாவுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். காளியப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை ஃப்ளெக்ஸுக்கு அடியில், தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மார்க்கர் பேனாவை வாங்கி, மை காய்ந்துவிடாமல் மூடியை அழுத்தி மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.